எட்டில் ஒரு பங்கு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பிப்ரவரியில் தம்பி பிறந்தான். ஒரு மாதத்தில் மூச்சு இரைக்கத் தொடங்கியது. கோட்டயத்தில் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை என்றார்கள்.
2. ஐந்து கிலோ எடை வந்தால் ஆபரேஷன் செய்யலாம், அதற்கு முன் செய்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார்.
3. அதுவரை உடம்பில் நீர் தேங்காமல் இருக்க ஒரு மாத்திரை. காலையிலும் மாலையிலும், வேளைக்கு எட்டில் ஒரு பங்கு.
4. அந்த எட்டில் ஒரு பங்கை, ஜூன் மாதத்திலிருந்து, நம் பள்ளிக்கூட ஆய்வகத் தராசில் கெமிஸ்ட்ரி டீச்சர் நிறுத்துக் கொடுத்தார்.
5. ஆகஸ்டில் தம்பியின் எடை வேகமாக ஏறியது. சந்தோஷப்பட்டோம்.
6. ஏறியது சதை இல்லை, நீர்.
7. அம்மா மருந்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டாள் என்று முடிவு செய்தார்கள்.

என்னோடு படித்த உங்களில் பலருக்கு ஏழாவது மட்டும்தான் தெரியும். போன வருடம் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன், இப்போது கம்பத்தில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவன், என்னிடம் கேட்டான்: "உந்தம்பிக்கு அப்ப என்னதான் ஆச்சு? உங்கம்மா மருந்தக் கீழ கொட்டிட்டாங்கன்னு எங்க லயத்துல பேசிக்கிட்டாங்க." அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சாம்பார் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியதாகவும் அது இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நமக்கெல்லாம் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. அந்த ஆய்வகத்தை நீங்கள் மறந்திருக்கலாம். எட்டாம் வகுப்பு முழுவதும் அதை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். ஜாடியில் வெளுத்துப்போன ஒரு தவளை, மூக்கு உடைந்த பியூரெட்டுகள், மூலை மேசையில் பச்சைத் துணி போர்த்திய ஒரு பெட்டி. "உள்ள பொணம் இருக்குடா" என்று சொல்லி எல்லோரையும் அலற வைத்தவனும் அந்த லாரி ஆபீஸ்காரன்தான். ஒன்பதாம் வகுப்பில் துணியை எடுத்தபோது உள்ளே இருந்தது கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு. பித்தளைத் தண்டு, இரண்டு பக்கமும் ஒரு தேநீர்க் குவளையின் தட்டளவுக்குத் தட்டுகள், நடுவில் கீழ்நோக்கித் தொங்கும் நீண்ட முள். கூடவே ஒரு மரப்பெட்டியில், சிவப்பு வெல்வெட் குழிகளில், எடைக்கற்கள். சின்ன எடைகள் கற்கள்கூட இல்லை. காது மடித்த தகட்டுத் துணுக்குகள். கையால் தொடக் கூடாது, சாமணத்தால்தான் எடுக்க வேண்டும்.

"கையில இருக்கற எண்ணெய்கூட எடை காட்டுமுங்க. தொட்டீங்கன்னா அது அப்பறம் வேற கல்லு" என்றார் டீச்சர்.

டீச்சர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே மளிகைக் கடை. நம்மையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பாடம் நடத்தாத நேரத்தில் நாம் ஒருவரையொருவர் "ஏனுங்க, பென்சில் இருக்குங்களா" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அது தெரியும். ஒரு நாள் போர்டில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், "இருக்குதுங்க, வந்து வாங்கிக்குங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் நாங்கள் வண்டன்மேட்டுக்கு மேலே ஏலத்தோட்ட லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோரில் தீப் போடும் வேலை. ஸ்டோர் என்றால் மற்ற ஊர்களில் சாமான் அடைக்கும் இடம். நமக்கு அது பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு எரியும், உள்ளே தகரக் குழாய்கள் வழியாகச் சூடு ஓடும், மேலே கம்பி வலைத் தட்டுகளில் காய் கிடக்கும். மழை மாதங்களில் அங்கே காய் மட்டும் உலரவில்லை. நம் சீருடை, சாக்ஸ், ரெக்கார்ட் நோட்டு, நனைந்த வேதப்புத்தகம், யாரோ ஒருவரின் தலையணை எல்லாம் உலர்ந்தன. சூரியன் தெரியாத இரண்டு மாதத்துக்கு அந்த மலையில் ஸ்டோர்தான் வெயில். ஆகஸ்டில் நம் வகுப்பு மொத்தமும் ஏலக்காய் வாசத்தோடு உட்கார்ந்திருக்கும்.

தம்பி ரொம்பச் சின்னதாக இருந்தான். பால் குடிக்கும்போது நாலு வாய் உறிஞ்சுவான், நிறுத்துவான், நெற்றி வேர்க்கும், மறுபடி உறிஞ்சுவான். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வெளியே வரும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை இறக்கி வைக்காமல் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வாரம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை. உத்தரத்தில் வட்ட முகத்தோடு ஒரு தராசு தொங்கும். அதன் கொக்கியில் துணித் தூளி, தூளிக்குள் தம்பி. முள் ஆடி ஆடி நிற்பதற்குள் அவன் அழுது காலை உதைப்பான். முள் மறுபடி ஆடும். அங்கன்வாடிச் சேச்சி அவன் வாயில் விரல் வைத்து ஏமாற்றிவிட்டு, அந்த ஒரு நொடியில் முள்ளைப் படிப்பார். ஜூன் தொடக்கத்தில் மூன்று கிலோ எண்ணூறு.

கோட்டயத்து மருந்தகத்தில் முதல் இரண்டு மாதத்துக்கு மாத்திரையைப் பொடித்து, பொட்டலமாக மடித்துக் கொடுத்திருந்தார்கள். அது தீர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. வழியில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. முழு மாத்திரை நம் டவுன் கடையில் கிடைத்தது. எட்டாக்குவது எப்படி? அம்மா சோற்றுத் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் மாத்திரையை வைத்துப் பிளேடால் வெட்டினாள். இரண்டாக்கலாம். நாலாக்குவதற்குள் ஒரு துண்டு அரிசி மாதிரியும் ஒரு துண்டு ரவை மாதிரியும் சிதறும். "இதுல எது எட்டுல ஒண்ணு?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூடப் போனால் நீரெல்லாம் வற்றிப் பிள்ளை துவண்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறைந்தால் நுரையீரலில் நீர் கோக்கும்.

டீச்சரிடம் நான்தான் கேட்டேன். அந்தத் தராசில் ஒரு மாத்திரையின் எட்டில் ஒரு பங்கை நிறுக்க முடியுமா என்று. முதலில் மாட்டேன் என்றார். "அது மருந்துக் கடைக்காரங்க வேலைங்க கண்ணு. எனக்கு உப்பும் துத்தநாகமும் நிறுக்கத்தான் தெரியும்." மறுநாள் டாக்டரின் சீட்டை எடுத்து வரச் சொன்னார். தலைமை ஆசிரியர் அறைத் தொலைபேசியில் கோட்டயத்து மருந்தகத்தைக் கூப்பிட்டு, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரையைத் தனியாகப் பொடித்தால் அதன் எட்டில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியாது. குளுக்கோஸ் பொடி கலந்து பெருக்கி, பிறகு பங்கு போட வேண்டும். அப்படித்தான் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடித்த பிறகு. ஜன்னல்களைச் சாத்துவார். கூண்டின் அடியில் இருக்கும் திருகுகளைத் திருப்பி, தூக்குக்குண்டு நேராக நிற்கிறதா என்று பார்ப்பார். கல்வத்தில் ஒரு மாத்திரை, தேவையான குளுக்கோஸ். சேர்ந்து எண்ணூறு மில்லிகிராம், அதில் எட்டுப் பொட்டலம். வாரத்துக்குப் பதினாலு வேண்டும் என்பதால் இரண்டு முறை அரைப்பார். அரைக்கும்போது பேசமாட்டார். வழித்து வழித்து, மறுபடி அரைத்து, மஞ்சள் வெளிச்சத்தில் பொடியைச் சாய்த்துப் பார்த்து, திருப்தியான பிறகுதான் நிறுப்பார்.

தாள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேக்கரியில் வாங்கிய பட்டர் பேப்பரை உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டியிருந்தார். எல்லாத் தாளும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு தாளை மூலை மடித்து அடையாளம் செய்து வலது தட்டில் வைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக இடது தட்டில் வைத்து, கனமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலளவு கத்தரித்து, அந்த மூலை மடித்த தாளுக்குச் சமமாக்குவார். பிறகு பொடி. சாமணத்தால் நூறு மில்லிகிராம் தகடு அந்தப் பக்கம். சின்னக் கரண்டியால் பொடி இந்தப் பக்கம். கூண்டுக் கதவை மூடிவிட்டு, கீழே உள்ள திருகைத் திருப்பித் தண்டை விடுவித்தால் முள் இடமும் வலமும் போய் வரும். இரண்டு பக்கமும் ஒரே தூரம் போக வேண்டும். போகவில்லையென்றால் திருகை மூடி, கதவைத் திறந்து, கரண்டி நுனியில் ஒட்டிய அளவு எடுத்து, மறுபடி மூடி, மறுபடி விடுவித்து. நான் எதிரே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். மூச்சுப் பட்டால் தட்டு ஆடும்.

நிறுத்ததும் மடிப்பார். அந்த மடிப்பு ஆய்வகத்தில் கற்றது இல்லை. "எங்க அத்தா கடையில ஏலக்கா, கிராம்பு எல்லாம் இப்படித்தான் மடிப்போம். உதறினாலும் கொட்டாது பாருங்க" என்று ஒருமுறை உதறிக் காட்டினார். கொட்டவில்லை.

ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கையில் கொடுத்து, பழைய தாள்களைத் திருப்பிக் கொண்டு வரச் சொன்னார். பட்டர் பேப்பர் டவுனில் எப்போதும் கிடைப்பதில்லை. தீர்ந்துபோனால் துடைத்துப் பயன்படுத்தலாம் என்று கணக்கு. அம்மா ஒவ்வொரு தாளையும் மடித்து, ஒரு பிஸ்கட் டின்னில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். டின் நிறைந்ததும் டீச்சரிடம் கொடுத்தேன். புதுத் தாள் இன்னும் மிச்சம் இருந்ததால் அவர் அதைத் திறக்காமல் மேசை இழுப்பறையில் வைத்தார். வேறொரு டின் கொடுத்தார்.

ஜூலையில் மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விட்டது. சுவர் வேர்த்தது. பொட்டலங்கள் இரண்டு நாளில் நமுத்துப் போயின. உள்ளே பொடி ஈரமாகி, கரண்டிப் பாலில் கட்டியாக விழுந்தது. முழுதாக விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாதக் கடைசியில் காய் எடுப்பு ஆரம்பித்து ஸ்டோரில் தீப் போட்டார்கள். அப்பா பொட்டலங்களைச் சட்டைப்பையில் வைத்து வேலைக்கு எடுத்துப் போய், கம்பித் தட்டின் ஓரத்தில் பரப்பி, காலையில் திருப்பிக் கொண்டு வந்தார். தாள் மொறுமொறுவென்று இருந்தது. அம்மாவின் கையில் கொடுத்து, "இப்பப் பாரு. மருந்துன்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார். அவர் அதிகம் பேசாதவர். தம்பிக்காகத் தன் கையால் செய்ய ஒரு வேலை கிடைத்ததில் அவருக்கு இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

அதே சமயத்தில் அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா, வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட்டில் வேலை. அதுவரை எடை நாலு கிலோவைத் தாண்டாமல் நின்றிருந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அத்தையிடம் சொன்னாள்: "இந்த மருந்து போச்சுன்னா ஒண்ணுக்காப் போறான் மதினி. குடிச்ச பாலெல்லாம் அதுலயே போயிருது. அப்புறம் எங்கிட்டு எடை ஏற?"

"டாக்டருக்குத் தெரியாதாக்கும்?"

"அதுக்கில்ல. மனசு கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எழுந்து கரண்டியில் பால் எடுத்து, பொட்டலத்தைப் பிரித்து, நீளவாக்கில் மடித்து, விரலால் தட்டினாள்.

ஆகஸ்டில் முள் நகர்ந்தது. நாலு கிலோ நானூறு. அடுத்த வாரம் நாலு எழுநூறு. அங்கன்வாடிச் சேச்சி நம்பாமல் தூளியை இறக்கி, வெறும் தூளியை மாட்டி, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. தம்பிக்குக் கன்னம் வந்தது. கண் இமை தடித்து, தூங்குகிற பிள்ளை மாதிரி அழகாக இருந்தான். லயத்துப் பெண்கள் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

"ஏட்டி, திருஷ்டி கழிச்சிப் போடு. கொழுக்கட்டை மாதிரி ஆயிட்டான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நீ இப்பிடிக் கிள்ளுனா கொழுக்கட்டை பிஞ்சிரும்" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "பால் முன்ன மாதிரிகூடக் குடிக்க மாட்டேங்கான். கால அமுக்குனா குழி விழுது" என்றாள். அப்பா, "நல்லா இருக்கையிலயும் உனக்கு ஒரு குறை" என்றார். ஐந்து கிலோவைத் தொட்ட வாரம் கோவிலில் பாதிரியார் அவனுக்காக ஜெபம் செய்தார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கோட்டயம் புறப்பட்டோம். என்னையும் கூட்டிப் போனார்கள். அப்பாவின் மலையாளம் தோட்டத்தோடு சரி, அம்மாவுக்கு அதுவும் இல்லை.

டாக்டர் எடையைப் பார்க்கவில்லை. தம்பியின் வயிற்றில் கை வைத்தார், இமையைப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் மலையாளத்தில் கேட்டார். நான் அதை அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டும்.

"மருந்தக் குடுக்கவே இல்லையான்னு கேக்காருமா."

"ரெண்டு வேளையும் குடுக்கேன்னு சொல்லு."

சொன்னேன். கொடுத்திருந்தால் உடம்பில் இவ்வளவு நீர் நிற்காது என்றார். இது வளர்ச்சி இல்லை, நீர், இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் பேச வேண்டிய பேச்சே வேறு என்றார். அதையும் நான் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. "குடுத்தேன்" என்றாள். மொழிபெயர்க்கத் தேவையில்லாத அளவுக்கு அவருக்கும் அது புரிந்திருக்கும். அவர் எழுதத் தொடங்கிவிட்டார்.

ஊசி போட்டார்கள். ராத்திரிக்குள் தம்பிக்கு நீர் நீராகப் பிரிந்தது. அடுத்த சில நாட்களில் வார்டுத் தராசில் நாலு கிலோ நூறுக்கு இறங்கினான். அதுதான் அவன். மற்றதெல்லாம் தண்ணீர்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நானும் அப்பாவும் மறுநாளே திரும்பினோம். முண்டக்கயம் தாண்டி பஸ் மலை ஏறியது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எடை ஏறணும்னு விட்டுட்டா" என்றார். வீட்டில் அத்தை அதையே நீளமாகச் சொன்னார். "அன்னைக்கே சொன்னாளே, மருந்து குடுத்தா வத்திப் போறான்னு. பொட்டலத்தப் பிரிச்சு அடுப்புல தட்டியிருப்பா. தாளு மட்டும் டப்பால இருக்கு பாரு, கணக்குக் காட்ட." அத்தை பொல்லாதவர் இல்லை. தம்பிக்கு ராத்திரி முழுவதும் மடியில் இடம் கொடுத்தவர். தனக்குத் தெரிந்த மூன்று விஷயங்களைக் கோத்தார்: அம்மா சொன்ன வார்த்தை, ஏறிய எடை, டாக்டரின் கோபம். கோத்ததும் கதை ஆகிவிட்டது. மறுநாள் குழாயடிக்கு நான் போவதற்கு முன்பே அது போயிருந்தது.

டீச்சரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் பயம் தன்மேல்தான். "ஊட்ல மிச்சமிருக்கற பொட்டலம், பழைய தாளு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க கண்ணு. ஒண்ணுகூட உடக் கூடாது" என்றார்.

கொண்டு போனேன். எல்லாவற்றையும், அந்த மூலை மடித்த தாளோடு சேர்த்து, ஒரு தடித்த கண்ணாடிச் சாடிக்குள் வைத்து மூடினார். அடியில் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள். "இப்ப நிறுத்தா தண்ணியையும் சேத்து நிறுப்போமுங்க. காயட்டும்" என்றார். இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் அம்மாவின் பெயரை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் முதலில் பிரிக்காத பொட்டலத்தை இடது தட்டில் வைத்தார். வலது தட்டில் மூலை மடித்த தாளும் நூறு மில்லிகிராம் தகடும். திருகைத் திருப்பினார். முள் இரண்டு பக்கமும் ஒரே தூரம் போனது. அடுத்த பொட்டலம், அதுவும். மூன்றாவதும். அவர் நிறுத்ததில் தவறு இல்லை.  மருந்து சரியாக இருந்து, பிள்ளைக்குள் போகவில்லை என்றால், அத்தை சொன்னதுதான் மிச்சம்.

டீச்சருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். திருகை மூடினார். பிறகு, "அம்மா எப்படிக் குடுப்பாங்க? செஞ்சு காட்டுங்க" என்றார்.

ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். நீளவாக்கில் மடித்து, கண்ணாடித் தட்டின் மேல் சாய்த்து, அம்மா தட்டுவது போல மூன்று தட்டுத் தட்டினேன். கொஞ்சம் பொடி விழுந்தது. இன்னும் தட்டினேன். விழவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது மடிப்பு முழுவதும் ஏதோ பூசினது போல இருந்தது. பட்டர் பேப்பரே கொஞ்சம் பளபளப்பானதுதான். லயத்து மண்ணெண்ணெய் விளக்கில், மடியில் பிள்ளையோடு பார்த்தால் அது தெரியாது. டீச்சர் நகத்தால் சுரண்டினார். வெல்லப்பாகு காய்ந்த மாதிரி செதிலாக வந்தது.

தாளை மறுபடி தராசுத் தட்டில் வைத்தார். எதிரே மூலை மடித்த தாள். சின்னத் தகடுகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். இருபது, இன்னொரு இருபது, பத்து. பாதி மருந்து தாளிலேயே இருந்தது.

பிறகு இழுப்பறையிலிருந்த முதல் டின்னைத் திறந்தார். அம்மா அடுக்கிய வரிசை அப்படியே இருந்தது. அடியில் ஜூன், மேலே ஜூலை. இரண்டாவது டின்னில் அதற்குப் பின். அடியிலிருந்த தாள்கள் ஏறக்குறைய சுத்தம். இரண்டாவது டின்னில் மூன்று விரல்கடை மேலே வந்ததும் பூச்சு ஆரம்பித்தது. அதற்கு மேல் ஒரு தாள்கூடத் தப்பவில்லை. ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"ஏலக்கா வாசம் அடிக்குதுங்களே" என்றார். "உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

அப்பா வேலை உடுப்போடு வந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு, ஆய்வகத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் ஒவ்வொரு தாளாக நிறுத்துக் காட்டினார். எடைகளை வாயால் சொல்லவில்லை. தகடுகளை வைத்து, முள்ளைக் காட்டினார். அப்பா தாளைக் கையில் வாங்கி, விரலால் தடவினார். ஈரமான குளுக்கோஸ் ஸ்டோர்ச் சூட்டில் இளகி, பாகாகித் தாளோடு ஒட்டிக் காய்ந்திருந்தது என்று புரிய அவருக்கு நேரம் ஆகவில்லை. ஈரக்காயைச் சூட்டில் போட்டால் சாறு வடிந்து தட்டில் ஒட்டிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறவர்.

"நாந்தான் டீச்சர் காய வச்சேன். நமுத்துப் போயிருந்துச்சு."

"தெரியுங்க."

"காயத்தான் வச்சேன்."

"நீங்க வெச்சதும் சரின்னு நெனச்சுத்தானுங்க. நானும் சரியா நிறுத்தேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். நான் நிறுத்தது பொட்டலத்துக்குள்ள போனதைங்க. புள்ளை வாய்க்குள்ள போனதை யாரும் நிறுக்கலை. திரும்பி வந்த தாளை ஒரு தடவை தட்டுல போட்டிருந்தாப் போதும். மொத டின்னையே நான் தொறந்து பாக்கலை, ரெண்டாவதைக் கேக்கவும் இல்லைங்க."

 அப்பா ஒரு தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மதியம் பஸ்ஸுக்குக் கோட்டயம் போய்விட்டார்.

நான் இப்போது ஏலக்காயின் தரம் பார்க்கும் ஒரு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மின்தராசு, ஐந்தாவது தசமம் வரை காட்டும். காலையில் முதல் வேலை அதைச் சரிபார்ப்பது. எதையும் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், காலிப் பாத்திரத்தைத் திரும்ப நிறுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. புதிதாக வருகிறவர்கள் இது எதற்கு, நேர விரயம் என்பார்கள். நான் விளக்குவதில்லை, செய்யச் சொல்கிறேன்.

அப்பா அங்கே போய் அம்மாவிடம் என்ன சொன்னார் என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "வார்டு வாசல்ல வந்து நின்னாரு. தாளக் காமிச்சாரு. சாப்ட்டியான்னு கேட்டாரு" என்றாள். வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "ரெண்டு இட்லி வாங்கிட்டு வந்தாரு" என்றாள்.

நர்ஸ் ஒருத்தி வேறு வழி சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு வேளையும் முழு மாத்திரையை அளந்த தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எட்டில் ஒரு பங்கு எடுத்து ஊட்டிவிட்டு, மீதியைக் கொட்டிவிட வேண்டும். அந்த மாத்திரை மலிவு. கொட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஊருக்கு வந்த பிறகு சிரிஞ்சைக் கையில் எடுத்தது அப்பா. காலையில் ஸ்டோரிலிருந்து வந்ததும், மாலையில் வேலைக்குப் போகும் முன். அம்மா பிள்ளையைப் பிடித்துக்கொள்வாள். அத்தை தன் எஸ்டேட்டுக்குத் திரும்பும்போது அம்மாவுக்கு ஒரு சேலை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. எடுக்காததால் அது திருத்தப்படவும் இல்லை. குழாயடியில் போனது போனதுதான். டீச்சர் தராசின் மேல் பச்சைத் துணியைப் போர்த்தினார். அடுத்த வருடம் பாலக்காட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தராசைப் பின்னால் வந்தவர்கள் ஏலத்தில் பழைய பித்தளையாகக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தம்பி ஐந்து கிலோவை ஜனவரியில் தொட்டான். இந்த முறை கன்னம் வரவில்லை, தொடை வந்தது. ஆபரேஷன் நடந்தது. ராத்திரி முழுக்க அப்பாவும் அம்மாவும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததும் உள்ளே விட்டார்கள்.

இப்போதைய நிலை இது. அப்பா ஐந்து வருடத்துக்கு முன் காலமானார். தம்பி போடிமெட்டு வழியாக ஜீப் ஓட்டுகிறான். நெஞ்சில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடாகத் தழும்பு. அம்மா அவனோடு இருக்கிறாள். சமைக்கிறாள், ஆடு வளர்க்கிறாள், கோவிலுக்குப் போகிறாள். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அவள் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அம்மாவிடம் விட்டுவிட்டு நான் வெளியே போயிருந்தபோது, பாட்டிலைக் கையில் எடுக்காமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கே இப்போது பிரஷர் மாத்திரை உண்டு. தினமும் காலையில் ஜீப் எடுப்பதற்கு முன் தம்பிதான் அதை உரித்து அவள் உள்ளங்கையில் வைக்கிறான். அவன் சவாரியோடு வெளியூரில் தங்கிவிட்ட நாட்களில் அவள் அந்த மாத்திரையைச் சாப்பிடுவதில்லை.